பெருங்கப்பல் அணையாத துறை

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆந் திகதி, ஒன்றையொன்று அறியாத இரு கரைகளில் இரு பயணங்கள் தொடங்கின. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ‘பிரித்தானியா’ என்னும் உல்லாசப் பயணக் கப்பல் மத்தியதரைக் கடலை நோக்கித் தன் கன்னிப் பயணத்தை மேற்கொண்டது. நான்கு நாள்களுக்கு முன்னர் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். 330 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1,43,000 தொன் கொள்ளளவுமுடைய அக்கப்பல், 3,600க்கு மேற்பட்ட பயணிகளைச் சுமக்க வல்லது. விடுமுறை நாள்களைக் கடலிற் கழிக்க விரும்பும் பிரித்தானியருக்கென்றே அது வகுக்கப்பட்டது. அதன் முகப்பில் 94 மீட்டர் நீளத்திற்கு பிரித்தானியக் கொடி தீட்டப்பட்டிருந்தது. அதைக் கட்டியவர்கள் இத்தாலியர், அதன் உரிமையாளர் அமெரிக்கக் கம்பனியொன்று, அதில் ஊழியம் புரிவோருட் பலர் இந்தியர் என்பன கொடியிற் காட்ட இயலாத செய்திகள்.

அதே நாளில் மன்னார்த் தீவின் வடமேற்கு முனையில், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொடியசைக்க, தலைமன்னாரிலிருந்து புகையிரதம் ஒன்று புறப்பட்டது. 1990ஆம் ஆண்டிற் போரினால் நின்றுபோன சேவை கால் நூற்றாண்டின் பின்னர் உயிர்பெற்றது. புகையிரதம் மீண்டது, ஆயின், எந்தக் கப்பலுக்காக அந்தப் பாதை முதன்முதலிற் போடப்பட்டதோ அந்தக் கப்பல் மீளவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே நாளில் நேர்ந்தமை தற்செயலே. எனினும், சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்ட கப்பலும் தலைமன்னாருக்கு வாராத கப்பலும் ஒரே பேரரசின் கடல்வழிகளிற் பிறந்தவை. உல்லாசக் கப்பற் பயணத்தின் இலக்கணம், புறப்பட்ட துறைக்கே மீள்வது. பயணி எங்கும் குடியேறுவதில்லை. எந்த நாடும் அவனை நீ யார் என்று கடிந்து கேட்பதில்லை. தலைமன்னார்க் கப்பலில் வந்தவர்களும் இறுதியிற் புறப்பட்ட கரைக்கே மீட்டனுப்பப்பட்டனர். ஆனால் அம்மீட்சி அவர்கள் விரும்பியதன்று. மன்னார்க் கரையின் அண்மைக்கால வரலாற்றை அறிவதற்கு இவ்வேறுபாடே திறவுகோல்.

‘பிரித்தானியா’வை இயக்கும் பீ. அண்ட் ஓ. நிறுவனத்தின் பெயர் இலங்கைக்குப் புதிதன்று. 1837இல் ஐபீரியக் குடாநாட்டிற்கு அஞ்சல் சுமக்கத் தொடங்கிய கம்பனியே, பின்னர் கீழைத்தேய வழிகளையும் தன்னகப்படுத்தியது. 1842இல் அதன் ‘இந்துஸ்தான்’ என்னும் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தபின், காலித் துறைமுகம் அவ்வழியில் நிலக்கரி ஏற்றும் தரிப்பிடமாயிற்று. 1844இல் எழுத்தாளர் தாக்கரேயை இக்கம்பனி இலவசமாக மத்தியதரைக் கடற் பயணத்திற்கு அழைத்துச் சென்றது. அவர் அதனை ஒரு நூலாக எழுதினார். வேலை எதுவுமின்றிக் கடலைப் பார்த்து வருவதற்காகவே கப்பலேறுவது என்னும் வழக்கம் விளம்பரம் பெற்றது இவ்வாறே. 1869இற் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் கொழும்பின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். சில ஆண்டுகளில் காலி தேய்ந்து கொழும்பு வளர்ந்தது. 1961இல் இதே கம்பனியின் ‘கன்பெரா’ என்னும் 45,000 தொன் கப்பல் கொழும்பைத் தொட்டு அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது. வானூர்தி மலிந்ததும் அத்தகைய கப்பல்களுக்குப் பயணிகள் அருகினர். 1970களில் ‘கன்பெரா’ முழுநேர உல்லாசக் கப்பலாக மாறியது. இன்றைய ‘பிரித்தானியா’ அவ்வழி வந்தது.

இவற்றுள் எதுவும் மன்னாரை அணைந்ததில்லை, அணையவும் இயலாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சேது அணை எனவும் ஆதாம் பாலம் எனவும் வழங்கும் மணற்றிட்டுத் தொடர் கிடக்கின்றது. அதன் பல இடங்களில் நீர் ஓராள் உயரமும் இல்லை. எட்டு மீட்டருக்கு மேல் நீரில் ஆழும் பெருங்கப்பல், கொழும்பிலிருந்து சென்னைக்குச் செல்ல வேண்டின், தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றிக் கீழ்க்கரை வழியாகவே ஏக வேண்டும். இத்திட்டுகளை வெட்டி வழி அமைக்கும் எண்ணம் 1860இல் டெயிலர் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் திட்டத்தில் உருப்பெற்றது. 2005இல் மதுரையிற் பிரதமர் மன்மோகன் சிங் தொடக்கிவைத்த சேதுசமுத்திரப் பணியும் இரண்டாண்டுகளில் நீதிமன்றத் தடையால் நின்றது.

கப்பல்கள் சிறியனவாயிருந்த காலத்தில் நிலை வேறு. பாலாவியின் கரையிலுள்ள மாந்தை, மாதோட்டமெனச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பெருந்துறை. பாளி நூல்கள் அதனை மகாதித்த என்று கூறும். அங்கு நிகழ்ந்த அகழ்வுகளிற் சீன மட்கலங்களும் மேற்காசியப் பாண்டங்களும் வெளிப்பட்டன. ஆழமின்மை அன்று குறையாகவன்றி ஆதாயமாகவே இருந்தது எனலாம். கீழ்க்கடலும் மேல்கடலும் சந்திக்கும் இடத்தில், ஒரு கப்பலின் சரக்கு மற்றொன்றுக்கு மாறியது. கப்பல்கள் பெருத்தபோது வணிகம் வேறு துறைகளை நாடிற்று. 1560இற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரும், 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் மன்னாரில் முத்தையும் சங்கையும் கருதியே காவலிருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் மன்னாருக்குக் கப்பல் மீண்டு வந்தது, புகையிரதக் கம்பனியின் உபயத்தால். அதற்கு முன்னர் சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் தூத்துக்குடி வரை புகையிரதத்திலும், அங்கிருந்து பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனியின் கப்பலிலும் சென்றனர். அவ்வழியிலேதான் 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவி, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களை ஓடவிட்டார். ஆங்கிலக் கம்பனி கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்துப் போட்டியிட்டது, 1908இல் அவர் சிறை சென்றார், கம்பனி அழிந்தது. தமிழர் தம் கடலைத் தாமே கடக்க எடுத்த முயற்சி அவ்வளவில் முடிந்தது.

1914 பெப்ரவரி 24ஆந் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் செல்லுங்கால் நடுவே பிளந்து உயரும் செர்சர் தூக்குப் பாலம் அதன் சிறப்பு. மார்ச் முதலாந் திகதி தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பற்சேவை தொடங்கியது. இக்கரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை புதிய புகையிரதப் பாதை காத்திருந்தது. சென்னை எழும்பூரில் ஒரு சீட்டு வாங்கினால் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். இடையிலுள்ள 22 மைற் கடலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் கடக்கலாம். இதுவே ‘போட் மெயில்’. கடலின் மேலும் பாலமமைத்து இரு நாட்டுப் புகையிரதங்களையும் இணைக்கும் திட்டம் ஆராயப்பட்டுச் செலவு மிகுதியாற் கைவிடப்பட்டமையால், கப்பலே பாலமாயிற்று.

தென்னிந்தியப் புகையிரதக் கம்பனிக்குச் சொந்தமான அக்கப்பல்களின் பெயர்கள் சிந்திக்கத்தக்கவை: கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ். பின்னர் வந்தவை இர்வின், கோஷன். முன்னைய நான்கும் வைசிராய்களின் பெயர்கள். இறுதியானது சென்னைக் கவர்னரின் பெயர். பெயர்களைப் போன்றே மேற்றட்டின் வசதிகளும் ஆள்வோருக்குரியவை. குளிர்காலத்தில் இந்தியாவையும் இலங்கையையும் பார்க்க வந்த ஆங்கிலப் பயணிக்கு இக்கடப்பு ஒரு காலைப்பொழுதின் பொழுதுபோக்கு. பெருங்கப்பலிற் கொழும்பிலிறங்கி, கண்டியையும் அநுராதபுரத்தையும் கண்டு, தலைமன்னார் வழியாக மதுரைக்கோ தஞ்சைக்கோ போய்ச் சேர்வது அவனுக்கு வாய்த்த வட்டம். ஆனால், மிதமான எண்ணிக்கையினரான அத்தகைய பயணிகளுக்காக எந்த அரசும் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையை வரண்ட காட்டினூடே போட்டிராது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், அந்த ஆட்களுக்கு அரிசி வேண்டும் என்பதே பாதையின் மெய்யான காரணம். மேற்றட்டு, கப்பலின் அழகு. கீழ்த்தட்டே அதன் வருவாய்.

கீழ்த்தட்டினரின் முன்னோர் கப்பலுங் காணாதவர்கள். கோப்பிக் காலத்தில், தேவிபட்டினம், தொண்டி முதலிய கரைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப் பாதையிற் கால்நடையாகவே ‘கண்டிச் சீமை’ சென்றனர். வாந்திபேதியாலும் தாகத்தாலும் வழியில் மாண்டோர் பலர். பின்னர் அப்பாதை மூடப்பட்டு, தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாம் வழியாக ஆள் அனுப்பும் முறை வந்தது. தலைமன்னார் வழி திறந்தபின் அம்முகாம் மண்டபத்துக்கு மாறிற்று.

மண்டபம் முகாம் விந்தையானதோர் அமைப்பு: இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்தியது. கங்காணி திரட்டிவந்த குடும்பங்கள் அங்குப் பல நாள்கள் தங்க வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, நோயில்லையென உறுதியான பின்னரே கப்பலேற்றப்பட்டன. முதல் வகுப்புப் பயணிக்கு இந்தத் தடுப்பு வாசம் கிடையாது. பெரிய கப்பல்களில் வந்திறங்கும் துரைமாரின் பெயர்களைக் குடியேற்ற நாட்டு நாளிதழ்கள் வரிசையாக அச்சிட்டுவந்தன. தொழிலாளியின் அடையாளமோ ஒரு தகரத் துண்டு. நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்தப்பட்ட அம்முறைப்படி, அவன் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் பொறித்த துண்டை அவன் உடலில் அணிந்து வந்தான். மேற்றட்டிலே பெயர், கீழ்த்தட்டிலே இலக்கம். இது முகாம் நிருவாகத்தின் வசதிக்காக ஏற்பட்ட வேறுபாடு போற் றோன்றினும், இதன் விளைவு அரை நூற்றாண்டின் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது.

இக்கப்பலைத் துயரத்தின் சின்னமாக மட்டும் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையன்று. யாழ்ப்பாணத்து மாணவர் சென்னைக்கும் அண்ணாமலை நகருக்கும் இவ்வழியே படிக்கச் சென்றனர். இராமேஸ்வரத்துக்கும் சிதம்பரத்துக்கும் யாத்திரிகர் போயினர். தமிழக வார இதழ்களும் நூல்களும், சேலைக் கட்டுகளும் இந்த இறங்குதுறையிலேயே இறங்கின. எழும்பூரில் ஏறி உறங்கி, கடற்காற்றில் விழித்த அந்தப் பயணத்தை யாழ்ப்பாணத்து முதியோர் இன்புற்று நினைப்பது இயல்பே. மலையகத்தின் நினைவு அத்தகையதன்று. ஒரே கப்பலிற் சென்றவர்கள் ஒரே பயணத்தை மேற்கொண்டவர் ஆகார் என்பதைத் தமிழர் தம்முள்ளேயே காணலாம்.

1939இல் இந்திய அரசு தோட்டத் தொழிலுக்கு ஆள் செல்வதைத் தடைசெய்தது. 1948இல் இலங்கை சுதந்திரமடைந்து, அவ்வாண்டே இயற்றிய 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பத்திற்கு வழி திறந்தது. மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும், 1946ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன், இடையறாது இலங்கையில் வசித்தமையை நிறுவ வேண்டும். ஒருமுறை நாட்டைவிட்டுச் சென்று பன்னிரு மாதங்களுக்கு மேல் தங்கிவிட்டால், அந்த இடையறாமை அறுந்துவிடும். தாயின் இறுதிச் சடங்குக்கோ, தங்கையின் திருமணத்துக்கோ ஊர் சென்று, கடன் தீரும் வரை தங்கிவிட்ட ஒருவனுக்கு, அந்தக் கப்பற் பயணமே எதிர்ச்சாட்சியாயிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எழுத்தறியாத தொழிலாளி பிறப்புப் பதிவுக்கும் வதிவுச் சான்றுக்கும் எங்கே போவான்? துரையின் வரவை நாளிதழ் குறித்து வைத்திருந்தது; இவனுடைய வரவைக் குறித்த தகரத் துண்டு எப்போதோ துருவேறி மறைந்தது.

இக்காலத்திலேதான் ‘கள்ளத்தோணி’ என்னும் சொல் வசைமொழியாய்ப் பரவியது. சிங்கள அரசியல் மேடைகளில் மட்டுமன்றி, வடபகுதித் தமிழர் சிலரின் வாயிலும் அது மலையக மக்களைக் குறித்து வழங்கிற்று. சட்டவிரோதமாகத் தோணியில் வந்தோர் சிலர் இருந்தமை உண்மை. ஆனால் தலைமன்னார் வழி திறந்த பின்னர் வந்த தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையோர், அரசின் முகாமில் அடைபட்டு, அரசின் மருத்துவரால் ஆராயப்பட்டு, வைசிராயின் பெயர் தாங்கிய கப்பலில் ஏறி, அரசின் புகையிரதத்தில் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். அவர்களைக் காட்டிலும் வெளிப்படையாக இந்நாட்டிற்குள் வந்தவர் எவருமிலர். அவர்களுக்கே அப்பெயர் வாய்த்தது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்ட மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. அனுப்புவதற்குரிய வழி தலைமன்னாரே.

ஒப்பந்தத்தின் மை உலர்ந்து எட்டு வாரங்களும் ஆகவில்லை. டிசெம்பர் 22ஆந் திகதி நள்ளிரவிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் புகையிரதம், நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலால் விழுங்கப்பட்டது. பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி நிற்க, ஏனைய வளைகள் பல பெயர்ந்தன. இளம் பொறியியலாளரான ஸ்ரீதரன் பொறுப்பில் பாலம் 46 நாள்களிற் சீராகியது. தனுஷ்கோடி மீண்டும் எழவில்லை. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் எந்தத் துறையில் இறங்கவேண்டுமெனக் கருதப்பட்டதோ, அந்தத் துறையே இல்லாதொழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. அதன் பெயர் ‘இராமானுஜம்’. வைசிராய்களின் பெயர்கள் போய்த் தென்னாட்டுப் பெயரொன்று வந்தது. கப்பலில் ஏறியவர்களின் நிலையோ அவ்வாறு மாறவில்லை.

அட்டனிலும் நானுஓயாவிலும் பதுளையிலும் ‘கோச்சி’ ஏறியவர்கள், தலைமன்னார் இறங்குதுறையில் இந்தியக் கடவுச்சீட்டுடன் வரிசையில் நின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்தியாவைக் கண்டதில்லை. பாட்டனின் ஊர்ப்பெயர் மாத்திரம் தெரியும். சோதனை மேசையைக் கடந்து, கப்பலேறி, மறுகரையில் மண்டபம் முகாமை அடைந்தனர். பாட்டனுக்கு அம்மைப்பால் குத்திய அதே முகாம் பேரனுக்கு இடைத்தங்கல் முகாமாயிற்று. ‘தாயகம் திரும்பியோர்’ என ஆவணங்கள் அவர்களைக் குறித்தன. பிறந்த மண்ணை விட்டுச் செல்பவரைத் ‘திரும்புவோர்’ என்று சொல்வதிலுள்ள பிழையை ஆவணம் எழுதியோர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்கள் சிலருக்கு வாழ்வளித்தன. கன்னியாகுமரியின் றப்பர்த் தோட்டங்களும், நூலாலைகளும் வேறு சிலரை ஏற்றன. சிறுகடன் பெற்றுக் கடைவைத்து இழந்தவரும் உளர். தமிழகத்தில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’.

1984இற் கப்பல் நின்றது. போர்ச் சூழலே காரணம். அப்போது இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் புறப்படாதோர் இலங்கையில் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். கடவுச்சீட்டுகளின் காலம் கழிந்தது, ஏறுவதற்குக் கப்பலில்லை, தங்குவதற்கு உரிமையில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் அவர்களை இலங்கைப் பிரசைகளாக ஏற்கும் வரை, ஒரு கப்பல் வாராமையால் இரு நாட்டுக்கும் இல்லாதவராக அவர்கள் வாழ்ந்தனர். ஆனால் அந்த வாராமையே பலரைப் பிறந்த மண்ணில் நிறுத்தியது என்பதும் மறுக்கொணாதது. அரசுகள் இரண்டும் கூடிச் செய்யாத நன்மையைச் சேவை நின்றமை செய்தது.

கப்பல் நின்றபின் கடல் வெறுமையாகவில்லை. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களைத் தொடர்ந்து, மன்னார்க் கரையிலிருந்து அகதிகள் சிறு வள்ளங்களில் இரவில் அதே 22 மைலைக் கடந்தனர். மணற்றிட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, நீரின்றிக் காத்திருந்து, இறுதியில் அவர்கள் சேர்ந்ததும் மண்டபம் முகாமே. ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கும் உயிர் தப்பி வந்தவர்களுக்கும் அதே கொட்டில்கள்.

2023ஆம் ஆண்டு யூன் மாதம், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையை வந்தடைந்தது. பயணிகள் சில மணி நேரம் யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் கப்பலேறினர். ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்னும் பயணிகள் படகும் ஓடத் தொடங்கியது. இரண்டுமே மன்னாரைத் தொடவில்லை.

2015இல் மீண்டுவந்த புகையிரதத்தின் கடைசித் தரிப்பிடத்திற்குப் பழைய பெயரே வைக்கப்பட்டது: தலைமன்னார் இறங்குதுறை. அங்கு வண்டி நின்றதும் பயணிகள் இறங்கி ஊருக்குள் நடந்தனர். கடலை நோக்கி நீண்டிருந்த பழைய துறையின் தூண்களைச் சிலர் பார்த்து நின்றனர். சிறிது நேரத்தில் இயந்திரத்தை மறுமுனையிற் பூட்டி, வண்டி வந்த வழியே மதவாச்சிக்குத் திரும்பியது.